ஏழாவது பாட்டின் முதல் நாற்பது விநாடி

அந்த சீடியில் பன்னிரண்டு பாட்டுகள். பன்னிரண்டையும் வாசித்தவை வேறு வேறு இசைக்குழுக்கள். ஏழாவது எங்களுடையது. தொகுப்பு சீடியில் ஏழாவதாக இருப்பது கலியாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருவது மாதிரி. அதுவரை பொறுத்திருந்து கேட்பவர்கள் மிகச் சிலர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மொன்றியலில் இப்படியான சீடிகள் நிறைய வந்தன. பெரிய நிறுவனம் எதுவும் எட்டிப் பார்க்காத குழுக்கள் ஆளுக்கொரு பாட்டைக் கொடுக்கும். யாராவது ஒருவர் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்து அவற்றைச் சேர்த்து, சில நூறு பிரதிகள் அடித்து, கச்சேரி நடக்கும் இடங்களின் வாசலில் மேசை போட்டு விற்பார். ஒரு பாட்டு உரக்கவும் அடுத்தது கிணற்றுக்குள் இருந்தும் கேட்கும். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் பதிந்தது என்பதால் அப்படி.

எங்கள் பாட்டு கித்தாரில் தொடங்குவதில்லை. சுழலும் சைக்கிள் சில்லு ஒன்றின் இரைச்சலில் தொடங்குகிறது. அதற்கு மேல் ஓர் இளைஞனின் குரல், யாழ்ப்பாணத் தமிழில். அது என் அண்ணா. அவன் இன்றுவரை வரவில்லை. அவனுடைய குரலில் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த நாற்பது விநாடிதான். மிச்சத்தை அழித்தவள் நான்.

அப்பா எங்களுக்கு முன்னமே கனடா வந்திருந்தார். அகதி வழக்கு முடிந்து எங்களைக் கூப்பிட்டபோது, அண்ணாவுக்கு வயது கடந்துவிட்டது என்று குடிவரவுக் கடதாசி சொன்னது. அம்மாவும் நானும் விமானம் ஏறினோம். அவன் பெரியம்மாவோடு யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டான். எனக்குப் பத்து வயது. பின்னால் வந்துவிடுவேன் என்று அவன் சொன்னதை நான் நம்பினேன். அவனும் நம்பியிருப்பான்.

மூன்று வருடம் கழித்து அவனிடமிருந்து ஒரு கசெட் வந்தது. அந்த நாளில் எங்கள் சனங்களுக்குப் பேச்சுக் கசெட்தான் கடிதம். சொல்ல வேண்டியதை எல்லாம் பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து விடுவார்கள். அது கைமாறிக் கைமாறி ஒருநாள் யாரோ ஒருவருடைய பெட்டியில் மொன்றியலுக்கு வந்து சேரும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றறி உள்ளே வரத் தடை. அதனால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் ஏறியிருந்து மிதிப்பார். டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ பேசும், கசெட் சுற்றும்.

அண்ணாவின் கசெட்டும் அப்படித்தான் பதியப்பட்டது. மிதித்தவன் அவனுடைய கூட்டாளி. கூட்டாளி வேகமாக மிதித்த இடங்களில் அண்ணாவின் குரல் கிழவன் குரல் மாதிரித் தடித்துக் கேட்டது. களைத்துப்போன இடங்களில் சின்னப் பிள்ளை மாதிரிக் கீச்சிட்டது. முப்பது நிமிடமும் பின்னால் சில்லு இரைந்துகொண்டே இருந்தது. முதல் தடவை கேட்டபோது அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். "பாவம், அந்தப் பெடியனை என்ன பாடு படுத்துறான்" என்றார்.

கசெட்டின் மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தது. அது எங்கள் பதிலுக்கு. அங்கே கசெட் கிடைக்காது, ஆகவே அதிலேயே பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மா என்னைப் பேசச் சொன்னார். "பேந்து" என்றேன், பிறகு பார்க்கலாம் என்று. எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம், மெசினுக்கு முன்னால் இருந்து தமிழில் பேச வெட்கமாக இருந்தது. அப்பாவுக்கு ஆலையில் இரண்டு வேலைநேரம். அம்மாவுக்குக் கசெட்டை வீட்டை விட்டு அனுப்ப மனமில்லை. எங்கள் எல்லாருடைய பேந்தும் சேர்ந்து இரண்டு வருடமாகிவிட்டது.

பிறகு ஒருநாள் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான சனம் ஒரே ரோட்டில் நடந்த அந்த இரவும் பகலும் முடிந்தபோது, பெரியம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணா இல்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனவனாம். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. கசெட்டைத் தன்னுடைய பழைய சேலைத் துண்டில் சுற்றிச் சாமித் தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். "இனி அவன்ர குரலை மெசினில கேக்க மாட்டன். வந்து நேரில கதைக்கட்டும்" என்றார். அது முருகனுக்கு வைத்த ஒரு நேர்த்தி. அதை முறித்தால் அவன் வராமல் போய்விடுவான் என்று எங்கள் மூவருக்கும் பயம் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

நான் கித்தார் பக்கம் போனதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் நாடகம் போலிருக்கும். ஆனாலும் உண்மை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருத்தி டிரம்ஸ் வாசித்தாள். கர்க்லாண்ட் என்ற புறநகர்ப் பக்கத்து வெள்ளைக்காரப் பிள்ளை. அவளுடைய தம்பி முறையான ஒருவனும் இன்னொரு பெடியனும் கித்தார் வாசித்தார்கள். பேஸ் கித்தாருக்கு ஆள் இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். "எங்களுக்கும்தான் தெரியாது" என்றாள். பழைய தையல் ஆலை ஒன்றின் மூன்றாம் மாடியில் அறை எடுத்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பழகினோம். அம்மாவிடம் நூலகம் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

நாங்கள் வாசித்ததை இண்டி என்றும் போஸ்ட் ஹார்ட்கோர் என்றும் சொன்னார்கள். பெயர் என்னவானாலும் சங்கதி ஒன்றுதான். முதலில் கிசுகிசு, பிறகு பூகம்பம். பாடுபவன் பாடுவதில்லை, தொண்டை கிழியக் கத்துவான். எங்கள் பயிற்சிக் கசெட்டை ஒருநாள் கேட்டுவிட்டு அப்பா, "என்ர பக்டரியில இருக்கிற மெசினுக்கு இதைவிடத் தாளம் இருக்கு, பிள்ளை" என்றார். அவர் சொன்னது சரி. எனக்குத் தாளம் தேவைப்படவில்லை. சத்தம் போடலாம் என்று அனுமதி இருந்த ஓர் அறை தேவைப்பட்டது. அந்த அறையில் எவ்வளவு கத்தினாலும் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தொகுப்பு சீடிக்குப் பாட்டுக் கேட்டபோது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஒழுங்கான பாட்டு. அதற்குத் தொடக்கம் சரியாக வரவில்லை. அந்த நாளில் எல்லாக் குழுக்களும் பாட்டுக்கு முன்னால் ஏதாவது ஒரு சத்தத்தை ஒட்டிக்கொண்டிருந்தன. ரயில், தொலைபேசி, யாரோ ஒருவருடைய பிரசங்கம். எனக்கு முருகன் படம் ஞாபகம் வந்தது. அம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்து, படத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சேலைத் துண்டை அவிழ்த்துக் கசெட்டை எடுத்தேன். நேர்த்தி அம்மாவுடையது, எனக்கு இல்லை என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சீடி வெளியிடுகிறவருடைய நிலக்கீழ் அறையில் அதைப் போட்டதும் குழுவின் மற்ற மூன்று பேரும் கதிரையிலிருந்து முன்னுக்குச் சாய்ந்தார்கள். "இந்த இரைச்சலை எந்தக் கருவியில் எடுத்தாய்?" என்று கேட்டார்கள். சைக்கிள் என்றேன். அவர்களுக்கு நம்ப முடியவில்லை. இவர்கள் கித்தாரோடு சத்தத்தை மாற்றுகிற ஏழெட்டுப் பெட்டிகளை இணைத்துப் படாதபாடு பட்டுத் தேடுகிற சத்தத்தை, என் அண்ணா பற்றறி இல்லாத குறையில் கண்டுபிடித்திருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் காணாமல் போனதற்குப் பிறகு அவனைப் பற்றி எனக்கு ஏற்பட்ட முதல் சந்தோசம் அது.

எந்தப் பகுதியை எடுப்பது என்பதை நான்தான் முடிவு செய்தேன். அம்மாவை அவன் விசாரிக்கிற இடத்தில் சில்லின் சத்தம் தெளிவில்லை என்று தள்ளிவிட்டேன். அப்பாவைப் பற்றிப் பகிடி பண்ணுகிற இடத்தில் நாய் குரைத்தது, அதையும் தள்ளினேன். கடைசியில் எடுத்தது, கூட்டாளி களைத்துப்போக அண்ணா அவனை ஏசுகிற இடம். "டேய், ஒரேமாதிரி மிதியடா. அம்மா பயந்துபோவா." பிறகு ஒரு சிரிப்பு, சங்கிலி வழுக்குகிற சத்தம். "சரி, எதில விட்டனான்? ஓம், மழை. இந்த முறை இஞ்ச மழை பிந்திப்போச்சு." அந்த இடத்தில் கித்தார்கள் விழுந்து அவனை மூடிவிடும். நாற்பது விநாடி.

"என்ன சொல்கிறான்?" என்று டிரம்ஸ்காரி கேட்டாள். சைக்கிள் மிதிப்பவனை ஏசுகிறான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "கவிதை. மழையைப் பற்றி" என்றேன். சீடிக்குள் வைக்கும் சின்னப் புத்தகத்தில் எங்கள் நால்வரின் பெயருக்குக் கீழே, "தொடக்கத்தில் வருவது தெற்காசியக் கவிதை" என்று ஆங்கிலத்தில் போட்டார்கள். அண்ணாவின் பெயர் அதில் இல்லை. நான் கொடுக்கவில்லை.

கசெட் பழுதில்லாமல் வீடு வந்து சேர்ந்தது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அதைத் திரும்பவும் களவெடுக்கும்படி ஆகக்கூடாது, எனக்கென்று ஒரு பிரதி இருந்தால் நல்லது என்று நினைத்தேன். கூடத்தில் அப்பாவின் இரண்டு கசெட் போடுகிற செட் இருந்தது. இடது பக்கம் பாடும், வலது பக்கம் பதியும். நான் அண்ணாவை வலது பக்கத்தில் போட்டேன். கடையில் வாங்கிய வெறும் கசெட்டை இடது பக்கத்தில் போட்டேன். விரைவுப் பிரதி என்ற பொத்தானை அமத்திவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன். அது சத்தமில்லாமல் வேலை செய்கிற மெசின்.

கடையில் விற்கிற பாட்டுக் கசெட்டில் புதிதாக எதையும் பதிய முடியாது. அதன் மேல் விளிம்பில் இரண்டு சின்னக் குழிகள் திறந்திருக்கும், அதைக் கண்டால் மெசின் பதிய மறுத்துவிடும். குழிகளைக் கடதாசியால் அடைத்தால் மெசின் ஏமாந்துபோகும். அண்ணாவுக்கு வெறும் கசெட் கிடைக்கவில்லை. பக்திப்பாட்டுக் கசெட் ஒன்றின் குழிகளை அப்பியாசக் கொப்பிக் கடதாசியால் அடைத்து, மற்றப் பக்கத்துப் பாட்டுகளையும் அழித்துவிட்டுத்தான் அவன் பேசியிருந்தான். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. அந்தக் கடதாசி அங்கே இருந்தபடியால்தான் அவன் பேச முடிந்தது. அது அங்கேயே இருந்தபடியால்தான் என்னால் அவனை அழிக்கவும் முடிந்தது.

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து போட்டுப் பார்த்தேன். இரண்டு கசெட்டிலும் ஒன்றுமில்லை. முன்னுக்கு ஓட்டினேன், பின்னுக்கு ஓட்டினேன். சில்லுகூட இல்லை. பிறகு ஓர் ஊசியை எடுத்து, குழிகளில் இருந்த கடதாசியைக் கிளறி வெளியே எடுத்தேன். இனிமேல் யாரும் அதில் பதிந்துவிடக்கூடாதாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கசெட்டைச் சேலைத் துண்டில் சுற்றி முருகனுக்குப் பின்னால் வைத்தேன். அம்மா வேலையால் வந்து விளக்கு வைத்துக் கும்பிட்டார்.

சீடி வந்தபோது எங்களுக்குப் பத்துப் பிரதி கொடுத்தார்கள். என் பங்கை முதல் கச்சேரியிலேயே கண்டவர்களுக்குக் கொடுத்து முடித்தேன். அந்தப் பாட்டை மேடையில் வாசிக்க மாட்டேன் என்று நின்றேன். எங்களிடம் இருந்த ஒரே நல்ல பாட்டு அது. ஏன் என்று கேட்டார்கள், பிடிக்கவில்லை என்றேன். இரண்டு மாதம் சண்டை பிடித்தோம். டிரம்ஸ்காரி குச்சியை என் காலடியில் எறிந்துவிட்டுப் போனாள். குழு அத்தோடு உடைந்தது. அந்த சீடியில் இருந்த மற்றக் குழுக்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவற்றுக்கு என்ன காரணங்கள் இருந்தனவோ தெரியாது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் ஊரில் சண்டை நின்றது. பாதை திறந்துவிட்டார்களாம் என்று மொன்றியலில் எல்லா வீடுகளிலும் ஒரே கதை. அது நடந்து இரண்டு வருடத்தில் எனக்கு இருபத்துநான்கு வயது. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுகிற வேலை. கித்தாரை எப்போதோ விற்றுவிட்டேன். அம்மா ஊருக்கு ரிக்கற் போட்டார். பெரியம்மாவைப் பார்க்க, முகாம்களில் விசாரிக்க, அந்தச் சைக்கிள் மிதித்த பெடியனைத் தேடிக் கண்டுபிடிக்க. அவன் உயிரோடிருக்கிறான், ஊரில் கடை வைத்திருக்கிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

புறப்பட இரண்டு கிழமை இருக்கையில் அம்மா முருகன் படத்தை நகர்த்தினார். சேலைத் துண்டை அவிழ்க்காமலே என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, இதைச் சீடியில ஏத்தித் தா. கசெட் வெக்கைக்குப் பழுதாப்போயிடும். அந்தப் பெடியனுக்குப் போட்டுக் காட்டவேணும். அவனுக்கு இந்தக் குரலைக் கேட்டால் ஏதும் ஞாபகம் வரும்."

"நீங்கள் கேக்க மாட்டன் எண்டு நேந்தனீங்களெல்லே?"

"நான் வெளியில நிப்பன். அவன் கேக்கட்டும்."

ஏழு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தவளுக்கு அந்தக் கசெட் கையில் எப்படிக் கனத்திருக்கும். ஓம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். எங்காவது ஒரு மூலையில் ஏதாவது மிஞ்சியிருக்காதா என்ற பைத்தியக்கார ஆசையில், கலியாண வீடியோக்களைச் சீடியில் ஏற்றுகிற எங்கள் ஆளின் கடைக்குப் போனேன். அவர் காதில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறியது.

"தங்கச்சி, இதில ஒண்டுமில்லை. ஆரோ மேலால அழிச்சிருக்கினம்."

"பழசாகி அழிஞ்சிருக்குமோ, அண்ணை?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. "அம்மாட்ட அப்பிடியே சொல்லுங்கோவன். ஆர் கேக்கப்போகினம்" என்றார். நல்ல மனிதர். அவர் தந்த பொய் எனக்குச் சட்டை தைத்த மாதிரிப் பொருத்தமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் அம்மா கடல் கடந்துபோய், ஒரு பெடியனுக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்பதை நினைத்ததும் அந்தப் பொய்யைக் கைவிட்டேன். நாற்பது விநாடியாவது அவருடைய கையில் இருக்கவேண்டும். அப்படியானால் அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லவேண்டும்.

பழைய சீடி விற்கிற கடைகளில் தேடினேன். தொகுப்பு சீடிகளை அங்கே தனியாக வாசலோரப் பெட்டியில் கொட்டி வைத்திருப்பார்கள். எந்தக் குழுவின் பெயரில் அடுக்குவது என்று தெரியாததால் அப்படி. பெட்டி பெட்டியாகக் கிளறினேன். எங்கள் காலத்துக் குழுக்களின் பெயர்கள் எல்லாம் அதற்குள் கிடந்தன. எங்களுடையது இல்லை. ஒரு கடைக்காரன் சீடியின் பெயரைக் கேட்டுவிட்டு, "அதை இன்னும் யாராவது தேடுகிறார்களா?" என்று பிரெஞ்சில் சிரித்தான். எனக்கு அவனை அடிக்கலாம் போலிருந்தது.

மிஞ்சியது டிரம்ஸ்காரி ஒருத்திதான். அவள் கர்க்லாண்டில் தாய் தகப்பனுடைய வீட்டுக்கே திரும்பி வந்து, ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சீடி இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டேன். இருக்கிறது, வா என்றாள். இரண்டு பஸ் மாறிப் போனேன். கராஜில் அவளுடைய டிரம்ஸ் போர்வைக்குக் கீழே இருந்தது. சீடியை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். மூடி வெடித்திருந்தது.

நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அது கவிதை இல்லை, என் அண்ணா, காணாமல் போனவன், மிச்சத்தை நான் அழித்துவிட்டேன். அவள் போர்வையின் நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் குச்சியை எறிந்திருக்க மாட்டேனே" என்றாள். பிறகு, "அப்படியென்றால் அவன் என்ன சொல்கிறான்?" என்று கேட்டாள். ஒரேமாதிரி மிதி, அம்மா பயந்துவிடுவார் என்கிறான் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு நான் இன்னும் வீட்டுக்குப் போகவேண்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அப்பா வேலையில். குசினி மேசை முழுக்க அம்மாவின் பயணச் சாமான்கள். சொக்கலேற், தலையிடிக் குளிசை, பெரியம்மாவுக்குக் கம்பளிச் சால்வை, இரண்டு பெட்டி பற்றறி. இப்போது அங்கே பற்றறி தாராளமாகக் கிடைக்கிறது என்று சொன்னாலும் அவர் கேட்கவில்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"அம்மா, கசெட்டில ஒண்டுமில்லை. நான்தான் அழிச்சனான். தெரியாமச் செய்தது. ஏழு வருசமாச்சு."

அம்மா சேலை மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. நான் நிறுத்தாமல் சொன்னேன். களவெடுத்தது, பாட்டுக்குக் கொடுத்தது, வலது பக்கத்தில் போட்டது. சீடி வாசிக்கிற மெசினில் ஏழாவது பாட்டைப் போட்டேன். நேர்த்தியைப் பற்றி இருவரும் யோசிக்கவில்லை.

சில்லு இரைந்தது. "டேய், ஒரேமாதிரி மிதியடா. அம்மா பயந்துபோவா." அம்மா எழும்பி நின்றுவிட்டார். அண்ணா சிரித்தான். மழை பிந்திப்போச்சு என்றான். உடனே கித்தார்கள் விழுந்தன. அம்மா திடுக்கிட்டுக் காதைப் பொத்தினார். நான் நிறுத்தினேன்.

"திருப்பிப் போடு."

போட்டேன். மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை கித்தார் விழுந்தபோது காதைப் பொத்தவில்லை.

"மிச்சம்?"

"இவ்வளவுதான் அம்மா இருக்கு."

"இதை ஆர் தெரிஞ்செடுத்தது?"

"நான்தான்."

"இவ்வளவு கதைச்சிருக்கிறான். உனக்கு இந்தச் சைக்கிள் சத்தம்தானே வேண்டிக் கிடந்தது?"

ஓம் என்றேன். அம்மா கதிரையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சேலையை மடித்தார். அதை வைத்துவிட்டு அடுத்ததை மடித்தார். பிறகு, சேலையைப் பார்த்தபடியே மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார்.

"கிணத்தில தண்ணி அடிக்குப் போட்டுது. பெரியம்மா சுகம், முழங்கால் நோதான் விடுகுதில்லை. அப்பா பனிக்குள்ள நிக்கிற படம் கிடைச்சது, கரடி மாதிரி நிக்கிறார், அடையாளம் தெரியேல்லை."

முதலில் எனக்கு விளங்கவில்லை. கித்தார் மூடிய இடத்திலிருந்து அவர் தொடர்ந்துகொண்டிருந்தார். அண்ணா மூச்சு வாங்கிய இடத்தில் அவரும் நிறுத்தினார். நாய் குரைத்த இடத்தில் கொஞ்சம் பொறுத்தார். நேர்த்தி வைப்பதற்கு முன் இரண்டு வருடமாக அவர் அந்தக் கசெட்டை எத்தனை தடவை கேட்டிருப்பார் என்பதை நான் ஒருபோதும் யோசித்ததில்லை. ஒரு சொல் தவறவில்லை என்றுதான் நினைக்கிறேன். தவறியிருந்தாலும் கண்டுபிடிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

"தங்கச்சியை நான் கேட்டதெண்டு சொல்லுங்கோ. மற்றப் பக்கத்தை அவளுக்கெண்டு வெறுமையா விட்டிருக்கிறன். அவள் கதைச்சு இதையே திருப்பி அனுப்பட்டும். அவளின்ர குரல் மறந்துபோகுது. கதைக்க வெக்கமெண்டால் பாடினாலும் பறவாயில்லை."

அம்மா நிறுத்தினார். அத்தோடு கசெட் முடிந்திருக்க வேண்டும்.

மற்றப் பக்கம் எங்கள் எல்லாருடைய பதிலுக்கு என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லி வந்தேன், இதிலும் அப்படியே எழுதினேன். அது எனக்கு மட்டும் விட்டது. பதின்மூன்று வயதில் அதை நான் என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுத்தான் பேந்து என்று சொல்லியிருக்கிறேன். பிறகு அந்தப் பங்கை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிரித்துக் கொடுத்து, என் பாரத்தை என் ஞாபகமே குறைத்து வைத்திருந்தது.

அம்மா கசெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடதாசி இல்லாத குழிகளைக் கண்டார். மேசையில் கிடந்த மெத்ரோ துண்டுச் சீட்டைக் கிழித்து, சின்னதாக மடித்து, நகத்தால் இரண்டு குழிக்குள்ளும் அமத்தி அடைத்தார். கூடத்துக்குப் போய் வலது பக்கத்தில் போட்டு மூடினார்.

"இப்ப ரெண்டு பக்கமும் வெறுமைதானே. கதை. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"அம்மா, அவன்..."

"நீ கதை."

பதிகிற பொத்தானை அவரே அமத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது, கசெட் சுற்றியது. நான் கத்தியிருக்கிறேன், பூகம்பம் மாதிரி வாசித்திருக்கிறேன், எத்தனையோ பேருக்கு முன்னால் மேடையில் நின்றிருக்கிறேன். இந்தச் சத்தமில்லாத மெசினுக்கு முன்னால் என் வாய் திறக்கவில்லை. அம்மா பக்கத்தில் நிலத்தில் இருந்தார். எழும்புகிற யோசனை அவருக்கு இருக்கவில்லை.

"அண்ணா" என்றேன். பிறகு அடக்க முடியாமல் ஒரே மூச்சில் கொட்டினேன். "அண்ணா, நான் உன்ர கசெட்டை அழிச்சுப்போட்டன். வேணுமெண்டு செய்யேல்லை. நீ அனுப்பச் சொன்னதை நான் அனுப்பவுமில்லை."

அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அவசரப்படாமக் கதை, பிள்ளை. அவனுக்கு விளங்கவேணும்."